ஆகாயப் போர்வீரர் ஆலயத் தொண்டரானார்
ஸ்ரீ கிருஷ்ணப்பிரேமர் வரலாறு

இறைவன் தன் அடியார்களை எங்கிருந்து அழைத்துக்கொள்வான் என்பதை எவராலும் முன்கூட்டி அறிய முடியாது. வேடர் குலத்தில் கண்ணப்பரை அழைத்தான். கடற்கரைப் பட்டினத்தில் அதிபத்தரை அழைத்தான். பல்லவ மன்னனின் சேனாதிபதியாக வாதாபி சென்று பெரும் போர் புரிந்து வெற்றியோடு மீண்ட பரஞ்சோதியாரை அழைத்துச் சிறுத்தொண்டராக்கினான். வாளேந்திய கை அடியார்க்கு அமுது படைக்கும் கையாக மாறிய அந்த வரலாற்றைப் பெரியபுராணத்தில் படித்து நாம் உருகுகின்றோம்.

அத்தகைய மாற்றங்கள் புராண காலத்தோடு முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டிலே, இங்கிலாந்து தேசத்தில் பிறந்து, முதலாம் உலக மகாயுத்தத்தில் போர் விமானியாகப் பறந்து, பின் பாரத நாட்டில் கல்லூரி ஆசிரியராகி, முடிவில் இமயமலைச் சாரலில் ஒரு கோயிலின் பூசகராகவும் துறவியாகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் இருந்தார். அவரே ஸ்ரீ கிருஷ்ணப்பிரேமர். ஆலய வழிபாட்டின் அருமையை நமக்கு எடுத்துக்காட்டும் அப்பெரியாரின் வரலாறு ஆலய அடியார்கள் யாவரும் அறியவேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் செல்ற்றனம் என்னும் நகரில் 1898ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் றொனால்ட் ஹென்றி நிக்சன் என்பதாகும். தந்தையார் கண்ணாடி, பீங்கான் பொருள் வணிகம் செய்தவர். தாயார் கிறிஸ்தவ மதப் பிரிவொன்றில் ஆழ்ந்த பற்றுடையவர். பிரார்த்தனையால் நோய் தீரும் என்ற நம்பிக்கை கொண்ட அப்பிரிவின் சூழலில் வளர்ந்தமையால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று மனித வாழ்வை நடத்துகிறது என்ற எண்ணம் சிறுவயதிலேயே அவர் காதில் விழுந்திருந்தது. ரோண்டன் நகரில் பள்ளிக் கல்வி பயின்றார்.

அமைதியாகப் படித்து ஒரு நல்ல உத்தியோகத்தில் அமரவேண்டிய பிள்ளை. ஆனால் அவர் பள்ளிப் பருவத்தைக் கடக்கும்போது ஐரோப்பா முழுவதும் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. 1914இல் தொடங்கிய மகாயுத்தம் அந்நாட்டு இளைஞர்களை ஆயிரமாயிரமாக விழுங்கிக்கொண்டிருந்தது. நிக்சனும் பதினெட்டு வயதில் படையிற் சேர்ந்தார். 1917 மே மாதம் 10ஆம் திகதி, அவருடைய பத்தொன்பதாவது பிறந்தநாளன்று, அதிகாரியாக நியமனம் பெற்றார். அடுத்த மாதமே பிரித்தானிய விமானப்படையில் பறக்கும் அதிகாரியாக அமர்த்தப்பட்டார்.

வானில் நிகழ்ந்த அற்புதம்

அக்காலத்துப் போர் விமானம் இக்காலத்து விமானத்தைப் போன்றதன்று. மரச்சட்டங்களின் மேல் துணியைப் போர்த்திக் கம்பிகளால் இழுத்துக் கட்டிய சிறு பொறி அது. ஒரு தோட்டா எண்ணெய்த் தாங்கியிற் பட்டால் முழுவதும் எரிந்துவிடும். பிரித்தானிய விமானிகளுக்குப் பரசூட்டும் வழங்கப்படவில்லை. காலையில் ஒரே மேசையில் உணவருந்திய தோழன் மாலையில் இல்லை என்பது அவர்களுக்கு அன்றாட வழக்கமாயிருந்தது. புதிதாக வரும் விமானிகளிற் பலர் சில வாரங்களுக்குள்ளேயே மாண்டார்கள்.

அப்படிப்பட்ட நாட்களில் ஒருநாள், வானில் பறந்துகொண்டிருந்த நிக்சன் தூரத்தில் சில விமானங்களைக் கண்டார். அவை தம் படைப்பிரிவைச் சேர்ந்தவை என நினைத்து அவற்றோடு சேர்ந்துகொள்ளத் திரும்ப முற்பட்டார். அவ்வேளையில் தன்னை மீறிய ஏதோ ஒரு சக்தி தன் கையைப் பற்றி விமானத்தை மறுதிசையில் திருப்பியதை உணர்ந்தார். தளத்திற்கு மீண்ட பின்னரே அவை பகைவரின் விமானங்கள் என்பது தெரியவந்தது. தன் எண்ணப்படி சென்றிருந்தால் அன்றே அவர் வாழ்வு முடிந்திருக்கும். பின்னாளில் இச்சம்பவத்தை நெருங்கிய நண்பர்களுக்குக் கூறியபோது, மனித அறிவுக்கு எட்டாத ஓர் ஆற்றலே தன்னைக் காத்தது என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் உயிர் தப்பியது அவருக்கு மகிழ்ச்சியை மட்டும் தரவில்லை. தன்னைக் காத்த கை ஏன் தன் தோழரைக் காக்கவில்லை? கொல்லப்பட்ட மறுபக்கத்து இளைஞனும் ஒரு தாயின் பிள்ளையல்லவா? இத்தனை அழிவுக்கும் பொருள் என்ன? இக்கேள்விகள் அவர் நெஞ்சைக் குடைந்தன. 1918 நவம்பர் 11ஆம் திகதி யுத்தம் ஓய்ந்தது. ஊரெல்லாம் வெற்றி கொண்டாடியபோது அவர் மனதில் வெறுமையே நிறைந்திருந்தது. 1919 ஜனவரியில் படைப்பதவியை விட்டு விலகினார். யுத்தத்தைக் கண்ணாற் கண்ட நம்மவர்க்கு அந்த வெறுமை எத்தகையது என்று விளக்கவேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜில் தேடல்

படையிலிருந்து விலகிய நிக்சன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து ஆங்கில இலக்கியம் பயின்றார். பாடநூல்களோடு நில்லாமல் தத்துவ நூல்களையும் தேடிப் படித்தார். பிரமஞான சங்கத்தாரின் நூல்கள் வழியாகக் கீழைத்தேச ஞானம் அவருக்கு அறிமுகமாயிற்று. அத்வைத வேதாந்தத்தைக் கற்றார். புத்தபகவானின் அமைதி அவரைக் கவர்ந்தது. அவ்வுபதேசங்களை மூலமொழியிலேயே படிக்கவேண்டும் என்று பாளி மொழியையும் கற்றார்.

நூலறிவு மட்டும் போதாது என்பது விரைவில் அவருக்கு விளங்கிவிட்டது. நீரைப் பற்றி எத்தனை நூல் படித்தாலும் தாகம் தீராது. இந்த ஞானத்தை வாழ்ந்து காட்டும் மனிதர் எங்காவது இருந்தால் அவரை நேரிற் காணவேண்டும் என்ற ஆவல் மேலோங்கியது. பாரத நாட்டுக்குப் போவதற்கு வழி தேடினார். 1921ஆம் ஆண்டில், அப்போது புதிதாகத் தொடங்கப்பெற்றிருந்த லக்னௌ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் பதவி அவருக்குக் கிடைத்தது. அக்காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் ஆளுவதற்கோ வணிகம் செய்வதற்கோ வந்தனர். இந்த இளைஞரோ மாணவருக்குக் கற்பிக்க வந்தார். ஆனால் அவருடைய உள்நோக்கம் தானே ஒரு மாணவனாவதாக இருந்தது.

குருவைக் கண்டடைதல்

லக்னௌ பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர் ஞானேந்திரநாத் சக்கரவர்த்தி என்பவர். 1893இல் சிக்காகோ நகரில் நடைபெற்ற சர்வமத மகாசபையில் பிரமஞான சங்கத்தின் சார்பிற் கலந்துகொண்ட அறிஞர் அவர். சுவாமி விவேகானந்தர் உலகப் புகழ் பெற்றதும் அச்சபையிலேதான். ஆன்மீக நாட்டமுள்ள இளம் ஆங்கிலேயரை உபவேந்தர் தம் இல்லத்திலேயே தங்கவைத்து ஆதரித்தார்.

உபவேந்தரின் துணைவியார் மோனிகா தேவி அம்மையார். காஜிப்பூரில் வாழ்ந்த ககனசந்திர ராய் என்பவரின் மகள். 1890ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் காஜிப்பூரில் தங்கியிருந்த காலத்தில் அக்குடும்பத்தோடு பழகியிருந்தார். கணவரின் பதவிக்கேற்ப அம்மையாரின் இல்லத்தில் எந்நாளும் விருந்தும் வரவேற்புமாக இருக்கும். ஆங்கில நாகரிகம் அறிந்த, கலகலப்பாகப் பேசுகின்ற, பெரிய இடத்து இல்லத்தரசியாகவே வெளியார் கண்ணுக்கு அவர் தோன்றினார்.

நிக்சன் மட்டும் ஒன்றைக் கவனித்தார். விருந்தினர் பேசிக் களித்திருக்கும் வேளைகளில் அம்மையார் சில நிமிடங்கள் எழுந்து உள்ளே போய் வருவார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் வேறொரு ஒளி நிறைந்திருக்கும். ஏன் இப்படி என்று அறிய விரும்பிய நிக்சன், அம்மையார் தம் பூசையறையில் தியானத்தில் மெய்மறந்து இருப்பதைக் கண்டார். இத்தனை ஆரவாரத்தின் நடுவே இப்படி ஓர் உள்ளமா என வியந்தார். ஞானியரைத் தேடிக் குகைகளுக்கும் காடுகளுக்கும் போக நினைத்து வந்தவர், தாம் உண்டு உறங்கிய வீட்டிலேயே குருவைக் கண்டுகொண்டார்.

அவர் அம்மையாரைத் தாயாக ஏற்றார். அம்மையார் அவரைத் தம் பிள்ளையாகக் கொண்டு கோபால் என்று பெயர் சொல்லி அழைத்தார். அந்நாள் தொடக்கம் அவருடைய கல்வி வேறு வகையிற் சென்றது. ஹிந்தியும் வங்காளமும் சம்ஸ்கிருதமும் கற்றார். கீதையையும் பாகவதத்தையும் உபநிடதங்களையும் மூலத்தில் ஓதினார். புத்தரின் பெயரால் தொடங்கிய தேடல் கண்ணனின் திருவடியை நோக்கித் திரும்பிற்று.

பதவியைத் துறத்தல்

சக்கரவர்த்தி அவர்கள் 1926இல் உபவேந்தர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றுக் காசிக்குக் குடிபெயர்ந்தார். குருவைப் பிரிந்து லக்னௌவில் இருக்க நிக்சனுக்கு மனம் வரவில்லை. உயர்ந்த ஊதியத்தையும் முன்னேற்றத்தையும் உதறிவிட்டு, அதிலும் குறைந்த ஊதியத்திற்குக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். பகலில் மாணவருக்கு ஆங்கில இலக்கியம் கற்பிப்பார். ஏனைய நேரமெல்லாம் குருவின் அருகில் சாதனையிற் கழிப்பார்.

1928ஆம் ஆண்டு மோனிகா தேவி அம்மையார் கணவரின் இசைவோடு கௌடீய வைஷ்ணவ மரபில் துறவு பூண்டு யசோதா மாயி என்னும் நாமம் பெற்றார். கௌடீய மரபென்பது வங்கத்தில் தோன்றிய ஸ்ரீ சைதன்ய மகாபிரபுவின் வழி வந்தது. நாமசங்கீர்த்தனத்தையும் ராதாகிருஷ்ண பக்தியையும் உயிராகக் கொண்டது. சிறிது காலத்தில் யசோதா மாயி தம் சீடருக்கும் தீட்சை அளித்தார். றொனால்ட் நிக்சன் என்னும் பெயர் அன்றோடு மறைந்து, கிருஷ்ணப்பிரேமர் என்னும் நாமம் தோன்றிற்று. கண்ணனிடம் கொண்ட அன்பு என்பதே அதன் பொருள். காவி உடுத்து, குடுமி வைத்து, நெற்றியில் திருமண் தரித்து, கழுத்தில் துளசி மாலை அணிந்தார். அந்நாளில் பாரத மண்ணிலே வைஷ்ணவ நெறியை ஏற்றுத் துறவியான முதல் ஐரோப்பியர் இவரே என ஆய்வாளர் கருதுவர்.

இது எளிய காரியமாக இருந்திருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. அன்று இந்தியாவை ஆண்டது அவர் பிறந்த நாடு. ஆளும் இனத்தில் பிறந்த ஒருவர் ஆளப்படும் மக்களின் காலில் விழுந்து வணங்குவதை அவருடைய நாட்டவர் பலர் அவமானமாகவே கருதினர். மறுபுறத்தில், பிறநாட்டவர் ஒருவர் எவ்வளவு பக்தியோடு வந்தாலும் அவருக்கு ஆலயக் கதவைத் திறக்கத் தயங்கிய வைதிகர் பலர் இருந்தனர். இருபக்கமும் இடமின்றி நடுவில் நின்றவருக்குக் குருவின் வார்த்தை ஒன்றே துணையாயிற்று.

துறவு பூண்ட பின் அல்மோரா நகரில் பிச்சைப் பாத்திரம் ஏந்தி வீடுவீடாகச் சென்று மாதுகரி எடுத்தார். தேனீ பூக்கள்தோறும் சிறிது சிறிதாகத் தேன் எடுப்பதுபோல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி உணவு மட்டும் ஏற்பதே மாதுகரி என்பதாகும். நேற்றுவரை பல்கலைக்கழகப் பேராசிரியர், அதற்கு முன் ஆகாயப்படை அதிகாரி, இன்று வாசலில் நின்று ஒரு பிடி அன்னத்திற்குக் காத்திருக்கிறார். தன்முனைப்பு என்னும் பேய் மனிதனை விட்டு அகல இதைவிடச் சிறந்த மருந்து வேறில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

உத்தர பிருந்தாவனம்

1930ஆம் ஆண்டு குருவும் சீடரும் அல்மோராவுக்கு அப்பால் மலைக்காட்டின் நடுவே மிர்த்தோலா என்னும் இடத்தில் ஓர் ஆசிரமம் அமைத்தனர். அதற்கு உத்தர பிருந்தாவனம் எனப் பெயரிட்டனர். வடக்கே உள்ள பிருந்தாவனம் என்பது பொருள். இப்பகுதி இன்று உத்தராகண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கற்கோயில்களைக் கொண்ட ஜாகேஸ்வரம் என்னும் பழைய சிவத்தலமும் இதே அல்மோரா மாவட்டத்திலேயே உள்ளது. சிவபெருமான் உறையும் மலைநாட்டில் கண்ணனுக்கு ஓர் ஆலயம் எழுந்தது.

ஆலயத்தில் ராதாகிருஷ்ண மூர்த்தங்கள் பிரதிஷ்டை செய்யப்பெற்றன. கிருஷ்ணப்பிரேமர் பூசைப் பொறுப்பை ஏற்றார். பொழுது புலருமுன் எழுந்து மலைக்குளிரில் நீராடுவார். சுவாமியைத் துயிலெழுப்பி, திருமஞ்சனம் செய்து, அலங்கரித்து, தம் கையாலேயே சமைத்து நைவேத்தியம் படைப்பார். ஆரத்தி எடுப்பார். மாலையில் மிருதங்கமும் தாளமும் ஒலிக்கக் கீர்த்தனம் நடைபெறும். இரவில் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்த பின்னரே அவர் நாள் முடியும். இறைவனைக் கல்லாகவோ செம்பாகவோ நினையாமல், வீட்டிலுள்ள குழந்தைக்குச் செய்வதுபோல வேளை தவறாமற் செய்வதே அவர் வழிபாடு.

ஆசார நியமங்களில் அவர் காட்டிய கண்டிப்பு வைதிகரையே வியக்கவைத்தது. நீராடாமல் அடுக்களைக்குள் எவரும் புகமுடியாது. சுவாமிக்குப் படைக்காத எதையும் உண்பதில்லை. படித்த நண்பர்கள் சிலர், மேல்நாட்டு அறிவியல் கற்ற ஒருவருக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்டதுண்டு. ஒரு நெறிக்குள் வெளியிலிருந்து வந்தவன் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளுவது முறையன்று என்பது அவர் கொள்கை. குரு வகுத்த வழி முழுவதையும் ஏற்று நடந்து பார்த்த பின்பே அதன் பொருள் விளங்கும் என அவர் நம்பினார். வீட்டிலே பிறந்தவன் அலட்சியமாக விட்டுவிட்ட செல்வத்தை, வெளியிலிருந்து வந்தவர் இப்படிக் கண்ணிமை போலக் காத்தார்.

அவர் தனித்து வாழவுமில்லை. லக்னௌவில் வைத்தியராக இருந்த ஆங்கிலேயர் ஒருவரும் பதவியைத் துறந்து அங்கு வந்து அரிதாஸ் என்னும் நாமம் பெற்றார். வைத்திய வசதி அற்ற அம்மலையூர் மக்களுக்கு அவர் வைத்தியம் செய்தார். யசோதா மாயியின் மகள் மோதி ராணியும் ஆசிரமத்தில் வாழ்ந்தார். முதலில் இந்த வெள்ளைக்காரச் சாமியாரை வியப்போடு பார்த்த மலைநாட்டு மக்கள் காலப்போக்கில் அவரைத் தம்மவராகவே ஏற்றுக்கொண்டனர்.

எழுத்துப் பணி

வகுப்பறையை விட்டு வந்தாலும் அவருள் இருந்த ஆசிரியர் ஓயவில்லை. பகவத்கீதை காட்டும் யோகம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1938ஆம் ஆண்டு வெளிவந்தது. கடோபநிடதத்திற்கும் ஓர் உரைநூல் எழுதினார். இவ்விரண்டும் உலகெங்கும் உள்ள தேடலாளர் பலருக்கு வழிகாட்டின.

அவருடைய கீதை விளக்கத்தில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. கீதையின் முதல் அத்தியாயத்தைப் பலர் வெறும் முன்னுரையாகக் கருதி விரைவாகக் கடந்துவிடுவார்கள். வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த அர்ச்சுனனின் சோகத்தை அவர் அப்படிக் கடக்கவில்லை. அந்தச் சோகத்தையும் கீதை ஒரு யோகம் என்றே பெயரிட்டு அழைப்பதை எடுத்துக்காட்டினார். உலகப் பற்றின் வெறுமையை உணர்ந்து மனம் உடைவதுதான் ஆன்மீகப் பாதையின் முதற்படி என விளக்கினார். அந்த இருளைக் கடவாமல் ஒளி இல்லை. குருக்ஷேத்திரம் என்பது மனிதனின் உள்ளத்திலேயே நடக்கும் போர்க்களம் என அவர் எழுதியது ஏட்டறிவால் மட்டும் எழுதியதன்று. இருபது வயது நிரம்பு முன்னரே மெய்யான போர்க்களத்தில் நின்று அர்ச்சுனனைப் போல் மனம் கலங்கியவரின் எழுத்து அது.

வங்கத்தின் புகழ்பெற்ற பாடகரும் புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமவாசியுமான திலீப்குமார் ராய் அவருடைய நெருங்கிய நண்பர். இருவரும் பல்லாண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர். கிருஷ்ணப்பிரேமரின் கடிதங்களை ஸ்ரீ அரவிந்தரும் படித்து அவற்றின் தெளிவைப் பாராட்டியுள்ளார். பின்னாளில் திலீப்குமார் ராய் எழுதிய நூலே கிருஷ்ணப்பிரேமரின் வாழ்வை உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

குருவின் மறைவும் தென்னாட்டு யாத்திரையும்

1944ஆம் ஆண்டு யசோதா மாயி இறைவனடி சேர்ந்தார். தாயும் குருவுமாக இருந்தவரை இழந்த துயரத்திலும் ஆலயப் பூசை ஒருநாளும் நிற்கவில்லை. ஆசிரமத் தலைமை கிருஷ்ணப்பிரேமரிடம் வந்தது. மிர்த்தோலாவை விட்டு அவர் வெளியே செல்வது மிக அரிது. எனினும் 1948ஆம் ஆண்டு தென்னாட்டு யாத்திரை ஒன்றை மேற்கொண்டார்.

அப்போதுதான் திருவண்ணாமலையில் பகவான் ரமண மகரிஷியைத் தரிசித்தார். அத்தரிசனம் பற்றி அவர் நண்பர் வழியாக வந்த செய்தி அடியார்கள் கேட்டு இன்புறத்தக்கது. மகரிஷியின் சந்நிதியில் கண்மூடி அமர்ந்த கிருஷ்ணப்பிரேமரின் உள்ளே, நீ யார் என்ற வினா இடைவிடாது எழுந்தது. நான் கண்ணனின் அடியவன் என மனதுள் விடை கூறினார். கண்ணன் யார் என்று அடுத்த வினா எழுந்தது. நந்தகோபன் குமாரன் என்பது முதலாகப் பலவாறு விடை கூறியும் வினா ஓயவில்லை. அன்றிரவு முழுவதும் அதிலேயே ஆழ்ந்தார். மறுநாள் மீண்டும் சந்நிதியில் அமர்ந்தபோது, இம்முறை தாமே மகரிஷியை நோக்கி, தாங்கள் யார் என்று மனதுள் வினவினார். கண்ணைத் திறந்து பார்த்தபோது மகரிஷி அமர்ந்திருந்த ஆசனம் வெறுமையாக இருந்தது. கண்ணை மூடித் திறந்தபோது மகரிஷி முன்போலவே அமர்ந்து மெல்ல நகைத்தாராம். ஒரு சொல்லும் பேசாமலே கேள்வியும் பதிலும் முடிந்தன. மௌனகுருவான தட்சிணாமூர்த்தியின் சந்நிதியில் நிகழ்வது இதுவன்றோ!

அதே யாத்திரையில் புதுச்சேரிக்குச் சென்று ஸ்ரீ அரவிந்தரையும் அன்னையையும் தரிசித்தார். இரண்டு ஆண்டுகளில், 1950இல், ரமண மகரிஷியும் ஸ்ரீ அரவிந்தரும் மகாசமாதி அடைந்தனர். உரிய காலத்தில் இருவரையும் கண்டு வணங்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. வைஷ்ணவ நெறியில் உறுதியாக நின்றவர் அருணாசலத்தின் அடிவாரத்திலும் அதே உண்மையைக் கண்டார். தன் நெறியில் ஆழமாக வேரூன்றியவனுக்குப் பிற நெறியைக் கண்டு அச்சமில்லை என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று.

இறுதிக் காலம்

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் விமானப் பொறியியலாளராக இந்தியாவுக்கு வந்த அலெக்சாந்தர் பிப்ஸ் என்னும் பிரித்தானிய இளைஞர் யுத்தம் முடிந்ததும் மிர்த்தோலா வந்து சீடரானார். மாதவ ஆசிஷ் என்பது அவர் பெற்ற நாமம். முதல் யுத்தத்தில் விமானம் ஓட்டியவர் குருவாகவும், இரண்டாம் யுத்தத்தில் விமானம் திருத்தியவர் சீடராகவும் ஒரே கோயிலில் கண்ணனுக்கு ஆரத்தி எடுத்த காட்சியை எண்ணிப் பார்க்கும்போது திருவருளின் செயல் நம்மை வியக்கவைக்கிறது. மாதவ ஆசிஷ் பின்னாளில் மலைநாட்டு விவசாயத்திற்கும் சூழலுக்கும் ஆற்றிய பணிக்காக 1992இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1997இல் காலமானார்.

1951இல் மோதி ராணி இளவயதில் மறைந்தார். ஆண்டுகள் செல்லச்செல்லக் கிருஷ்ணப்பிரேமரின் வெளி ஆசாரக் கண்டிப்புகள் தாமாகவே தளர்ந்தன. இளமையில் ஒரு நியமத்தையும் விடாதவர், முதுமையில் வருபவரின் உள்ளத்தை மட்டுமே பார்த்தார். இதைக் கண்டு சிலர் குழம்பினர். பயிர் முளைக்கும் காலத்தில் வேலி வேண்டும். மரமாகி நிழல் தரும் காலத்தில் வேலி தானே விழுந்துவிடும். வேலி போட்டு வளர்த்தமையாலேதான் அது மரமாயிற்று என்பதையும் மறந்துவிடக்கூடாது. நியமங்களைத் தொடக்கத்திலேயே வேண்டாம் என்று தள்ளுவோர்க்கு அவருடைய பிற்கால வாழ்வு சான்றாகாது.

தம்மைத் தேடி வந்தவர்களுக்கு அவர் பெரிய சொற்பொழிவுகள் செய்வதில்லை. கூட்டம் சேர்க்கவில்லை. விளம்பரம் விரும்பவில்லை. ஆசிரமத்தைப் பெருப்பிக்கவும் முயலவில்லை. வந்தவர் எக்கேள்வியோடு வந்தாரோ அக்கேள்விக்குத் தெளிவாகவும் நகைச்சுவையோடும் விடை கூறுவார்.

1965ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆம் திகதி, தமது 67ஆவது வயதில் கிருஷ்ணப்பிரேமர் கண்ணன் திருவடி அடைந்தார். அப்போது இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தவரும் தத்துவ மேதையுமான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவரை ஒரு மகாத்மா என்னும் கருத்துப்படப் போற்றினார். அவருக்குப் பின் மாதவ ஆசிஷ் ஆசிரமத்தை நடத்திவந்தார்.

அடியார்க்கு ஒரு பாடம்

பத்தொன்பது வயதில் ஆகாயத்தில் முடிந்திருக்கவேண்டிய ஒரு வாழ்வு, மேலும் நாற்பத்தெட்டு ஆண்டுகள் நீடித்தது. அப்படிக் கிடைத்த ஆயுளைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், காத்தவனுக்கே திருப்பிக் கொடுத்தார் கிருஷ்ணப்பிரேமர். யுத்தம் அவரிடமிருந்து தோழரையும் இளமையின் மகிழ்ச்சியையும் பறித்தது. ஆயினும் அவர் கசப்பைச் சுமந்து திரியவில்லை. பட்ட துன்பத்தை ஒரு கேள்வியாக மாற்றினார். அந்தக் கேள்வியே அவரைக் குருவிடம் கொண்டுசென்றது. குரு அவரைக் கோயிலிடம் கொண்டுசென்றார்.

பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் பிறந்த ஒருவர் கடல் கடந்து, மொழி கற்று, பதவி துறந்து, பிச்சையெடுத்துப் பெற்ற பேறு, நமக்குப் பிறக்கும்போதே கிடைத்திருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் ஆலயம் இருக்கிறது. காலையும் மாலையும் மணி ஒலிக்கிறது. அந்த மணியோசையைக் கேட்டும் வீட்டில் இருந்துவிடும் நாட்களில், குளிர்மலையில் விடியுமுன் நீராடிச் சுவாமிக்கு விளக்கேற்றிய அந்தப் பழைய போர்விமானியை ஒருகணம் நினைத்துக்கொண்டால், நம் கால்கள் தாமாகவே கோயிலை நோக்கி நடக்கும்.

அடியார்களின் பெருமை வாழ்க. எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவர்க்கும் கிட்டுவதாக.